தண்ணீர் லாரிக்கு முன்னால் நிற்பவர்கள்: வாஜிரின் வறட்சியும் பெண்களும்

வடகிழக்குக் கென்யாவில் வறட்சி வரும்போதெல்லாம் உலகச் செய்தித்தாள்களில் ஏறக்குறைய ஒரே படம் வருகிறது. செம்மண் தரையில் நீண்ட வரிசையாக இருபது லிட்டர் மஞ்சள் கேன்கள். பக்கத்தில் தலையை மூடிய பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். தூரத்தில் ஒரு தண்ணீர் லாரி நிற்கும். எத்தனை லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள், எத்தனை ஆயிரம் கால்நடைகள் செத்தன என்ற கணக்கு படத்தின் கீழே இருக்கும். நிரம்பிய கேனை யார் சுமந்தார்கள், எவ்வளவு தூரம் சுமந்தார்கள், வீட்டுக்கு வந்த பிறகு அந்தத் தண்ணீரை யார் யாருக்குப் பங்கிட்டார்கள் என்ற கணக்கு இருக்காது.

விடுபட்ட இந்தக் கணக்கை வாஜிர் என்ற ஒரு வட்டாரத்தின் வரலாற்றின் வழியே பார்க்க முயல்கிறது இக்கட்டுரை. மேய்ச்சல் சமூகங்களுக்கான தண்ணீர் நிவாரணம் என்றதும் அது லாரியில் தொடங்கி லாரியில் முடிகிற விஷயம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் லாரி வருவதற்கு முன்பே அங்கே நூறாண்டு அரசியல் இருக்கிறது. கிணறு யாருடையது, தாகத்தை யார் தண்டனையாகப் பயன்படுத்தினார்கள், சமாதானம் யாரால் வந்தது என்பதெல்லாம் அந்த அரசியலுக்குள் அடங்கும். மூன்று கேள்விகளிலும் பெண்கள் இருக்கிறார்கள். ஆவணங்களில்தான் அவர்களைத் தேட வேண்டியிருக்கிறது.

கிணறுகளின் ஊர்

வாஜிர் கென்யாவின் வடகிழக்கில், சோமாலியா, எத்தியோப்பியா எல்லைகளை ஒட்டிய வறண்ட சமவெளி. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. ஆனால் வாஜிர் நகரைச் சுற்றிச் சுண்ணாம்புப் பாறையில் கையால் தோண்டிய ஆழமில்லாத கிணறுகள் ஏராளம். தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கும், ஆனாலும் கிடைக்கும். சேபா நாட்டு அரசி தன் ஒட்டகங்களுக்கு இங்கேதான் தண்ணீர் காட்டினாள் என்று ஒரு பழங்கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, அந்தக் கிணறுகள் எவ்வளவு பழையவை, எவ்வளவு மதிப்பு மிக்கவை என்பதை அது சொல்லிவிடுகிறது.

மேய்ச்சல் நிலத்தில் கிணறுதான் நிலத்துக்குச் சாவி. புல் எங்கும் முளைக்கலாம். ஆனால் தண்ணீர் காட்டிவிட்டுத் திரும்பக்கூடிய தொலைவுக்குள் இருக்கும் புல்தான் பயன்படும். அதனால் கிணற்றைப் பிடித்தவர் சுற்றுப்புறம் முழுவதையும் பிடித்தவராகிறார். முன்பு போரானா மக்கள் பயன்படுத்திய இந்தக் கிணறுகளுக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோமாலிக் குலங்கள் வந்து சேர்ந்தன. 1912இல் ஆங்கிலேயர்கள் இங்கே காவல் நிலையம் அமைத்தார்கள். அதற்குப் பிறகு எந்தக் குலம் எங்கே மேய்க்கலாம், எந்தக் கிணற்றில் இறைக்கலாம் என்பதற்கு வரைபடத்தில் கோடுகள் விழுந்தன. 1934ஆம் ஆண்டின் சிறப்பு மாவட்டங்கள் சட்டம் இந்தக் கட்டுப்பாட்டை இறுக்கியது. ஒருவர் செய்த குற்றத்துக்கு ஒரு குலத்தின் கால்நடைகளையே பறிமுதல் செய்யும் கூட்டுத் தண்டனை முறையும் வழக்கத்துக்கு வந்தது. மழையைத் தேடி நகர்வதுதான் மேய்ச்சல் வாழ்க்கை. அந்த நகர்வையே குற்றமாக்கிய பிறகு, எந்தச் சிறிய வறட்சியும் பெரிய வறட்சியாகிவிடும்.

இந்தச் சமூகத்தில் பெண்ணின் இடம் என்ன? சோமாலி மேய்ச்சல் குடும்பத்தில் ஒட்டகம் ஆண்களின் பொறுப்பு. ஆடுகள், கன்றுகள், கழுதை, வீடு, குழந்தைகள், வீட்டுத் தண்ணீர் ஆகியவை பெண்களின் பொறுப்பு. ‘அகல்’ என்ற வளைகூரை வீட்டை மரக்கொம்புகளாலும் பாய்களாலும் கட்டுபவர்கள் பெண்கள்தாம். இடம் பெயரும்போது பிரித்து ஒட்டகத்தின் மேல் ஏற்றுபவர்களும் அவர்களே. தண்ணீரும் பாலும் கொண்டுபோகும் ‘ஹான்’ என்ற கலத்தை நார் கொண்டு நெருக்கமாகப் பின்னுவதும் பெண்களின் கைவேலை. ஆனால் கிணறு, தோண்டியவரின் தந்தைவழிக் குலத்துக்குச் சொந்தம். ஒரு பெண் தண்ணீர் எடுப்பது தகப்பனின் உரிமையால், இல்லாவிட்டால் கணவனின் உரிமையால். அவளுடைய பெயரில் கயிறு இருக்கும், கலம் இருக்கும், கிணறு இருக்காது.

குலங்களுக்கிடையே கொலை நடந்தால் இழப்பீடாக ஒட்டகங்கள் கொடுக்கும் வழக்கம் சோமாலி மரபில் உண்டு. ஆண் உயிருக்கு நூறு ஒட்டகம், பெண் உயிருக்கு ஐம்பது என்பதே மரபான கணக்கு. பாதி விலை என்று மதிப்பிடப்பட்ட அந்தப் பெண்தான் குடும்பத்தின் முழுத் தண்ணீரையும் சுமக்கிறாள் என்பதை மறந்துவிடாமல் அடுத்த பகுதிக்குப் போவோம்.

தாகம் தண்டனையானபோது

1963இல் கென்யா விடுதலை பெற்றது. வடகிழக்கின் சோமாலிகளில் பெரும்பாலோர் சோமாலியாவுடன் சேர விரும்பினார்கள். அதை ஒட்டி 1967 வரை நீடித்த மோதலை அரசு ‘ஷிஃப்டா’, அதாவது கொள்ளையர் போர் என்று அழைத்தது. கால்நடைகள் கொல்லப்பட்டன, பறிமுதலாயின. மக்கள் காவலுக்கு உட்பட்ட குடியிருப்புகளில் அடைக்கப்பட்டார்கள். மந்தையை இழந்த குடும்பம் மேய்ச்சலுக்குத் திரும்ப முடியாது. நகரத்தின் ஓரத்தில் குடிசை போட்டு உதவியை எதிர்பார்த்து வாழ வேண்டியதுதான். பிற்கால நிவாரணப் பட்டியல்களில் ‘கால்நடை இழந்தோர்’ என்று எழுதப்படும் மக்களில் பலர் இப்படிப் போரால் இழந்தவர்களின் வழிவந்தவர்கள். எல்லோரையும் வறட்சி அங்கே கொண்டுவந்து விடவில்லை. போருக்குப் பிறகும் இந்தப் பகுதியில் நெருக்கடிநிலைச் சட்டங்கள் 1991 வரை நீடித்தன.

1984 கென்யாவில் கடும் வறட்சி ஆண்டு. அந்த ஆண்டு பிப்ரவரி 10ஆம் தேதி பாதுகாப்புப் படையினர் டெகோடியா குலத்து ஆண்களைச் சுற்றிவளைத்து வாஜிருக்கு அருகிலுள்ள வகல்லா விமான ஓடுதளத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆயுதங்களை ஒப்படைக்க வைப்பதற்கான நடவடிக்கை என்பது அரசு சொன்ன காரணம். ஆடைகளைக் களைந்து, வெயிலில் கொதிக்கும் தரையில் கிடத்தி, நாள்கணக்கில் உணவும் தண்ணீரும் இல்லாமல் வைத்திருந்தார்கள். பலர் சுடப்பட்டும் அடிபட்டும் இறந்தார்கள். பலரைத் தாகம் கொன்றது. குடியிருப்புகளில் வீடுகள் எரிக்கப்பட்டன. பெண்கள் பாலியல் வன்முறைக்கு உள்ளானார்கள். இறந்தவர்கள் 57 பேர் என்று அரசு வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தது. உயிர் தப்பியவர்கள் சொன்ன எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு. 2013இல் அறிக்கை அளித்த உண்மை, நீதி, நல்லிணக்க ஆணையமும் 57 என்ற கணக்கை ஏற்கவில்லை.

இந்தச் செய்தி வெளியுலகுக்குத் தெரிய ஒரு பெண் காரணமாக இருந்தார். வாஜிரில் காசநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்துவந்த இத்தாலியரான அன்னாலேனா தொனெல்லி, காயமடைந்தவர்களைத் தேடி எடுத்துவந்து காப்பாற்றினார். நடந்ததற்குச் சான்றுகளைச் சேர்த்தார். அதற்குப் பிறகு அவர் கென்யாவிலிருந்து வெளியேற்றப்பட்டார். 2003இல் நான்சென் அகதிகள் விருது பெற்ற அவர், அதே ஆண்டு சோமாலிலாந்தின் போராமா நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

தண்ணீர் நிவாரணம் பற்றிய கட்டுரையில் வகல்லா எதற்கு? தண்ணீரைக் கொடுக்கிற கையும் மறுக்கிற கையும் இந்த மக்களின் நினைவில் ஒரே கைதான். அரசின் லாரி வரும்போது அது நன்றியோடு மட்டும் பார்க்கப்படுவதில்லை. இன்னொன்றும் உண்டு. கிணற்று உரிமை ஆண்வழியாக வரும் சமூகத்தில் ஓர் ஓடுதளத்தில் இத்தனை ஆண்கள் இறந்தால், அவர்களின் மனைவியர் எந்த உரிமையில் தண்ணீர் எடுப்பார்கள்? மைத்துனரின் தயவில், மகன் வளரும்வரை காத்திருந்து, அல்லது நகர ஓரத்தில் விலைக்கு வாங்கி. படுகொலை பற்றிய எழுத்துகளில் இறந்த ஆண்களின் எண்ணிக்கை குறித்த சர்ச்சை நீளமானது. எஞ்சிய பெண்களின் அன்றாடம் பற்றிய பக்கங்கள் குறைவு.

சந்தையில் தொடங்கிய சமாதானம்

1991 ஜனவரியில் சோமாலிய அரசு கவிழ்ந்தது. எல்லை தாண்டி அகதிகளும் துப்பாக்கிகளும் வந்தன. கூடவே 1991–92 வறட்சி. 1992இல் பல கட்சித் தேர்தல் குலப் போட்டியைக் கிளறிவிட்டது. வாஜிரில் டெகோடியா, அஜுரான், ஒகாடேன் குலங்களுக்கிடையே கொலைகள் தொடர்ந்தன. மோதல் காலத்தில் வறட்சி இரட்டிப்பாகும். பத்து மைல் தொலைவில் கிணறு இருக்கும், அதில் தண்ணீரும் இருக்கும். ஆனால் அது எதிர்க் குலத்தின் கிணறு. போனால் உயிர் போகும். போகாவிட்டால் மந்தை போகும். அப்படிப்பட்ட நேரத்தில் எத்தனை லாரிகள் வந்தாலும் போதாது. லாரிகளே வழிமறிக்கப்படும் காலமும் அதுதான்.

மோதல் சந்தைக்குள்ளும் நுழைந்தது. பாலும் காய்கறியும் விற்கும் பெண்கள், எதிர்க் குலத்துப் பெண்களுக்கு விற்பதில்லை, அவர்களிடம் வாங்குவதில்லை என்ற நிலை வந்தது. 1993இல் ஒரு திருமண வீட்டில் சில பெண்கள் கூடிப் பேசினார்கள். அவர்களில் ஒருவர் தெகா இப்ராஹிம் அப்தி. 1964இல் பிறந்தவர், ஆசிரியர். சந்தை எல்லாக் குலத்துப் பெண்களுக்கும் பொது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். முடிவு காகிதத்தில் நின்றுவிடாமல் இருக்கச் சந்தையில் கண்காணிப்பாளர்களை நிறுத்தினார்கள். பிறகு மூத்த ஆண்களிடம் போனார்கள், இளைஞர்களிடம் போனார்கள். 1993 செப்டம்பரில் குல மூப்பர்கள் அல் ஃபதா பிரகடனம் என்ற சமாதான உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். 1995இல் இந்த முயற்சிகள் வாஜிர் சமாதான, வளர்ச்சிக் குழுவாக மாவட்ட நிர்வாகத்துக்குள் இடம்பிடித்தன. 2007இல் தெகாவுக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது.

பெண்களால் இது எப்படி முடிந்தது? ‘பெண் இயல்பிலேயே அமைதியானவள்’ என்ற பதில் சோம்பேறிப் பதில். மோதல் காலத்தில் தம் குலத்து ஆண்களைத் தூண்டிவிட்ட பெண்களும் வாஜிரில் இருந்தார்கள். உண்மையான காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. சோமாலிப் பெண் பெரும்பாலும் வேறு குலத்தில் மணம் முடிக்கிறாள். பிறந்த குலத்தில் அண்ணன், புகுந்த குலத்தில் கணவன். இரத்த இழப்பீட்டுக் கணக்கில் எந்தக் குலத்திலும் முழு உறுப்பினராக இல்லாதவள், அதே காரணத்தால் இரண்டு பக்கமும் போய்வரக்கூடியவள். அவளை ஓரத்தில் நிறுத்திய ஏற்பாடே அவளுக்கு ஒரு பாதையாகவும் ஆனது. வாஜிர் பெண்கள் அந்தப் பாதையை அறிந்து பயன்படுத்தினார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்கள் ஆண்கள். பெண்கள் தொடங்கினார்கள், ஆண்கள் ஒப்பமிட்டார்கள். வரலாற்றில் தேதியோடு பதிவாவது ஒப்பம்தான். ஆனால் மேய்ச்சல் வழிகளும் கிணறுகளும் மறுபடி திறந்ததற்குச் சந்தையில் காய்கறிக்கூடையோடு உட்கார்ந்த பெண்கள் காரணம் என்றால், அதையும் ‘தண்ணீர் நிவாரணம்’ என்ற தலைப்பின் கீழ்தான் எழுத வேண்டும்.

லாரி கொண்டுவரும் கணக்கு

இனி லாரிக்கு வருவோம். குளங்களும் மழைநீர்க் குட்டைகளும் வற்றிய பிறகு, ஓடிக்கொண்டிருக்கும் ஆழ்துளைக் கிணறு ஒன்றில் லாரி நிரப்பப்படுகிறது. மணல் பாதையில் பல மணி நேரம் ஓடி ஒரு குடியிருப்பின் பிளாஸ்டிக் தொட்டியிலோ பள்ளித் தொட்டியிலோ தண்ணீரைக் கொட்டுகிறது. லாரி வாடகை, டீசல், பழுது என்று இது மிகச் செலவான வழி. லாரி நின்றதும் அங்கே எதுவும் மிஞ்சாது. ஆனாலும் கிணற்று மோட்டார் பழுதாகிக் கிடக்கும் ஊரில் ஒரு குழந்தையை இன்று உயிரோடு வைத்திருக்க வேறு வழி இல்லாத நாள்கள் உண்டு. அதனால் லாரியே கூடாது என்று தூரத்தில் இருந்துகொண்டு சொல்வது எளிது, நியாயமில்லை.

ஆனால் கணக்கைக் கேட்கலாம். 1997இல் தொடங்கிய ஸ்ஃபியர் திட்டம் நெருக்கடிக் காலங்களுக்கு வகுத்த அளவுகோல்: ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர், வீட்டிலிருந்து தண்ணீர் இடம் 500 மீட்டருக்குள். ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு 90 லிட்டர். அதாவது நாலரைக் கேன், 90 கிலோ எடை. நூறு குடும்பம் என்றால் 9,000 லிட்டர். பத்தாயிரம் லிட்டர் லாரி ஒன்று நூறு குடும்பத்தின் ஒரே நாள் தேவையோடு காலி. நடைமுறையில் லாரி தினமும் வருவதில்லை. தொலைவும் 500 மீட்டரில் நிற்பதில்லை. அந்தத் தொலைவைக் கடக்கும் முதுகு யாருடையது என்பதை அளவுகோல் சொல்வதில்லை.

அடுத்தது ஆடுகள். வறட்சி முற்றும்போது ஆண்களும் இளைஞர்களும் ஒட்டகங்களையும் மாடுகளையும் ஓட்டிக்கொண்டு தொலைதூர மேய்ச்சலுக்குப் போகிறார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள், நடக்க முடியாத கால்நடைகள், பாலுக்காக நிறுத்திய சில ஆடுகள் குடியிருப்பில் தங்குகிறார்கள். லாரி கொண்டுவருவது மனிதர்களுக்கான தண்ணீர். கால்நடைக்கு அதில் பங்கில்லை என்பதே பல நிவாரணத் திட்டங்களின் விதி. ஒரு ஆட்டுக்கு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று வைத்தாலும் பத்து ஆட்டுக்கு 50 லிட்டர். இந்த விதியை எதிர்கொள்பவள் அந்த வீட்டுப் பெண். ஆட்டுக்குத் தண்ணீர் காட்டாவிட்டால் பால் வற்றும். பால் வற்றினால் கைக்குழந்தை வாடும். அதனால் தன் பங்கைக் குறைத்து ஆட்டுக்கு ஊற்றுகிறாள். குளிப்பது, துணி துவைப்பது, மாதவிடாய் நாள்களின் சுத்தம் எல்லாம் அந்தக் குறைப்பில் போகும். மனிதத் தண்ணீர், கால்நடைத் தண்ணீர் என்ற பிரிவினை அலுவலகத்தில் தெளிவாக இருக்கும். அவளுடைய சட்டியில் அது நிற்பதில்லை. விலங்குகளின் தேவையையும் நெருக்கடி உதவியின் பகுதியாக ஏற்கும் சர்வதேச வழிகாட்டுநெறிகள் வெளிவர 2009ஆம் ஆண்டு வரை ஆயிற்று. அவள் தினமும் செய்துகொண்டிருந்த கணக்கு அது.

கழுதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாடு, ஒட்டகம், ஆடு ஆகியவற்றின் இழப்பைப் பதிவு செய்வதில் காட்டும் அக்கறை கழுதைக்குக் கிடைப்பதில்லை; விற்றால் பெரிய விலை இல்லை. ஆனால் கழுதை செத்த வீட்டில் அதன் சுமை பெண்ணின் முதுகுக்கோ, பள்ளியிலிருந்து நிறுத்தப்படும் மகளின் முதுகுக்கோ மாறுகிறது.

கிணறுகளை நிர்வகிக்கும் குழுக்களில் இன்று பெண்களின் பெயர் இருக்கிறது. கென்யாவின் 2010 அரசியலமைப்பு, தேர்ந்தெடுக்கப்படும் அமைப்புகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே பாலினத்தவர் இருக்கக் கூடாது என்கிறது. ஆனால் பெயர் இருப்பதும் பேச்சு எடுபடுவதும் ஒன்றல்ல. மோட்டார் எந்த நேரம் ஓடும், முதல் முறை மந்தைக்கா வீட்டுக் கேன்களுக்கா என்ற முடிவில் பேச்சு எடுபடாத பெண், நள்ளிரவில் கேனை வரிசையில் வைத்துக் காவல் இருக்க வேண்டியிருக்கிறது. இருட்டில் காத்திருப்பதன் ஆபத்து எந்த நாட்டுப் பெண்ணுக்கும் விளக்கத் தேவையில்லாதது.

எத்தனையாவது முறை

2011 ஜூலையில் தெகா இப்ராஹிம் அப்தி சாலை விபத்தின் காயங்களால் இறந்தார். அதே மாதம் 20ஆம் தேதி ஐ.நா. தெற்குச் சோமாலியாவின் இரண்டு பகுதிகளில் பஞ்சம் என்று அறிவித்தது. எச்சரிக்கைகள் முந்தைய ஆண்டே வந்துவிட்டன. 2010 அக்டோபர் முதல் 2012 ஏப்ரல் வரை சோமாலியாவில் சுமார் 2,58,000 பேர் இறந்தார்கள் என்று பின்னர் ஆய்வு மதிப்பிட்டது. பாதிக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். எல்லைக்கு இப்பால் வாஜிரிலும் மந்தைகள் அழிந்தன. 2020 முதல் தொடர்ந்து ஐந்து மழைப் பருவங்கள் பொய்த்தன. சோமாலியாவில் 2022இல் மட்டும் 43,000 கூடுதல் மரணங்கள் என்பது மதிப்பீடு. அவர்களில் பாதிப் பேர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள்.

1984, 1991, 1999, 2005, 2008, 2010, 2016, 2020. வறட்சி தொடங்கிய ஆண்டுகளை இப்படி அடுக்கினால் ‘அவசரம்’ என்ற சொல்லே கேள்விக்குள்ளாகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது தெரிந்த ஒன்று. தெரிந்ததற்கு முன்னேற்பாடு செய்யலாம்: மோட்டார்களைக் காலத்தில் பழுதுபார்ப்பது, குட்டைகளைத் தூர்வாருவது, குலங்களுக்கிடையே மேய்ச்சல் உடன்பாடுகளை மழைக் காலத்திலேயே புதுப்பிப்பது. வாஜிர் உட்பட வறண்ட மாவட்டங்கள் சிலவற்றில் ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் தரும் பசிப் பாதுகாப்புத் திட்டம், வறட்சி நேரத்தில் கூடுதல் குடும்பங்களுக்கும் நீட்டப்படுகிறது. பணம் கையில் இருந்தால் தண்ணீரா, தீவனமா, மருந்தா என்று முடிவெடுக்கும் உரிமை குடும்பத்துக்கு வருகிறது. குடும்பத்துக்குள் யார் கைக்கு வருகிறது என்ற கேள்வி அப்போதும் மிச்சமிருக்கிறது.

பெண்ணியம் இங்கே கேட்பது நிவாரணத்தில் பெண்களுக்குத் தனிச் சலுகை அல்ல. தண்ணீரைச் சுமப்பவளுக்குத் தண்ணீரின் மேல் சொல் வேண்டும் என்பதுதான். கணவனோ தகப்பனோ இல்லாமலேயே கிணற்றில் அவளுக்கு உரிமை வேண்டும். லாரி எங்கே நிற்க வேண்டும், எந்த நேரம் வர வேண்டும் என்பதை அவளிடம் கேட்க வேண்டும். ஆட்டுக்கு ஊற்றியதற்காக அவளைத் திட்டாத கணக்கு வேண்டும். 1993இல் வாஜிர் சந்தையில் கூடிய பெண்களிடம் யாரும் கேட்கவில்லை, அவர்களாகவே முடிவெடுத்தார்கள். அடுத்த வறட்சிக்கான திட்டம் எழுதும் அறையில் அவர்களுடைய மகள்கள் உட்கார்ந்திருக்கிறார்களா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.